கறுப்புத் துணிக்குக் கீழே எட்டுக் கண்கள்

ரிஸ்பா வந்தால் நாங்கள் தட்டை மூடுவோம். ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய தாய்க்குக் கொள்ளிக்கண் என்று அவள் பிறந்த அசெம்போ ஊரே முடிவு கட்டியிருந்தது. அது தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும். சாப்பிடுகிறவனை அந்தக் கண் பார்த்துவிட்டால் வயிற்றில் களி தங்காது. கல்யாணமாகி அவள் இந்தக் கரைக்கு வந்தபோது, அவளுக்கு முன்னால் இந்தப் பேச்சு படகேறி வந்து இறங்கியிருந்தது.

அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலையோ, சாப்பிடுவதை உட்கார்ந்து பார்ப்பது. ஆராய்ச்சி நிலையத்தில் குதிக்கும் சிலந்திகளை வளர்த்தாள். நான் அங்கே சமையல்காரன். நிலையத்து வம்பெல்லாம் என் மேசைக்குத்தான் வந்து சேரும். அரிசி மணி அளவுதான் அந்தச் சிலந்தி. ரத்தம் குடித்த கொசு என்றால் அதற்கு உயிர். அதனால் தினமும் காலையில் ரிஸ்பா தன் கையையே கொசுக் கூண்டுக்குள் நீட்டிக் கடி வாங்குவாள்.

"என் முன்னாடி கூச்சப்படாம சாப்பிடுறது இதுங்க மட்டும்தான்" என்று சிரிப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் சிலந்திக் குஞ்சுகள் வயிறு ஒட்டிப்போய்ச் சாகத் தொடங்கின. மிஞ்சியவற்றின் முன்னால், நிலையத்தில் சிலந்திகளை ஆராயும் டாக்டர் அடெரோ ஒரு கொசுவைத் தக்கையில் ஒட்டி வைத்துப் பார்த்தார். நல்ல சிலந்தி என்றால் சட்டென்று திரும்பிப் பதுங்கிப் பதுங்கி வரும். இவை திரும்பவே இல்லை.

அறையைப் பெருக்கித் துடைக்கும் ஒகோலா, ரிஸ்பாவின் காதுபடச் சொன்னான்: "கண்ணு எவ்ளோ பெருசா முழிக்குது பாருங்க! கண்ணுல ஒரு குறையும் இல்ல. வேற யார் கண்ணோ பட்டிருக்கு."

அன்று மதியம் டாக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ரிஸ்பா வந்து நின்றாள்.

"என்னைப் பாட்டில் கழுவுற வேலைக்கு மாத்திடுங்க டாக்டர். எங்கம்மாவைச் சொன்னப்ப நான் நம்பல. இப்ப நம்புறேன். நான் பார்த்துப் பார்த்துத்தான் இதுங்க சாகுது."

"உன் கண்ணை அப்புறம் பாக்கலாம். முதல்ல இதுங்க கண்ணைப் பாக்குறேன்" என்றார் டாக்டர்.

பார்த்தார். பிறகு ரிஸ்பா, ஒகோலா இரண்டு பேரையும் என் மேசைக்கே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"முட்டையிலேர்ந்து வரும்போதே கண்ணுக்குள்ள வெளிச்சம் வாங்குற அணுக்கள் மொத்தமும் இருக்கும். அதுக்கப்புறம் புதுசா ஒண்ணு வராது. பட்டினி கிடந்தா இருக்கிறதும் அழியும். உடம்பு வத்தினதால கண்ணு பெருசா தெரியுது, அவ்ளோதான். ஆனா கொசு பக்கத்துலயே செத்துக் கிடக்கே. ஏன் பிடிக்கல?"

ஒகோலா தேநீரை ஊதிக்கொண்டே இருந்தான்.

"துணி" என்றாள் ரிஸ்பா.

"எந்தத் துணி?"

"நான் குஞ்சுங்ககிட்ட கொசுவை விட்டுட்டு, பெரிய சிலந்திங்களைப் பாக்க அடுத்த அறைக்குப் போனதும் ஒகோலா இதுங்க கூண்டு மேல கறுப்புத் துணி போடுவாரு. கண்ணாடிக் கதவு வழியா தெரியும். சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவாரு."

ஒகோலா துள்ளி எழுந்தான். "இவ கண்ணு படக் கூடாதுன்னுதான் மூடினேன்! வாயில்லா ஜீவனுங்க, நிம்மதியா நாலு வாய் சாப்பிடட்டுமேன்னு!"

"இது வலை பின்னிட்டு உக்காந்திருக்கிற ஜாதி இல்லப்பா. கண்ணால பார்த்துத்தான் பிடிக்கும். இதோட முன்னோருங்க பகல்ல வேட்டையாடி வேட்டையாடித்தான் தலைமுறை தலைமுறையா இந்தக் கண்ணு இவ்ளோ கூர்மையாச்சு. குகைக்குள்ள தங்கிட்ட சில சிலந்திங்களுக்குக் கண்ணே இல்லாமப் போச்சு. அதுக்கு லட்சக்கணக்கான வருஷம் ஆகியிருக்கும். நீ ஒரு மழைக்காலத்துலயே முடிச்சுட்ட!"

பிறகு ரிஸ்பா பக்கம் திரும்பினார். "நீ பார்த்தியே, ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"என் முன்னாடி மூடுறது எனக்குப் புதுசா டாக்டர்?"

டாக்டர் தன் குறிப்பேட்டைப் பிரித்து எதையோ எழுத ஆரம்பித்தார். எனக்கும் அடுப்பில் ஏதோ வேலை இருந்தது.

ரிஸ்பா பாட்டில் கழுவப் போகவில்லை. அந்தக் குஞ்சுகளுக்கு வயிறார ஊட்டியும் பார்வை திரும்பவில்லை. கொசுவை முகத்தருகே கொண்டுபோய் நீட்டி, இருந்தவரை அவளே வளர்த்தாள். அடுத்த முட்டைகள் பொரிந்தபோது கூண்டின் மேல் துணி இல்லை. புதிய குஞ்சுகள் கொசுவைக் கண்டதும் திரும்பின, பதுங்கின, பாய்ந்தன. அவள் உட்காரக்கூட மறந்து, வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒகோலாவுக்கும் மனசு கேட்கவில்லை. அந்தக் கறுப்புத் துணியை அவனே கிழித்துக் கால்மிதியாகப் போட்டான்.

அன்று நான் களியும் பொரித்த மீனும் வைத்திருந்தேன். ரிஸ்பா உள்ளே வந்து, வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒகோலாவின் கை தானாகப் போய்த் தட்டின் மேல் மூடியை இழுத்தது.

"நல்லா மூடிக்க ஒகோலா" என்றாள் அவள், திரும்பாமலே. "ஆனா ஜாக்கிரதை. இருட்டுல மீன் எங்க இருக்குன்னு தெரியாம நீயும் வத்திப் போயிடாத."

எல்லாரும் சிரித்தோம். ஒகோலாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவள் சாப்பிட்டு எழுந்து போகும்வரை மூடியை மட்டும் எடுக்கவில்லை.