கட்டில் போட்ட ஸ்டூடியோ

என் அறையிலிருந்து கட்டிலைத் தூக்கி முன் ஹோலில் போட்ட அன்று நான் வாய் திறக்கவில்லை. பிள்ளையின் வேலைக்காக என்றார்கள், சரி என்று விட்டேன். அறைச் சுவரில் பசை பூசப் போகிறோம் என்று சொன்ன அன்றுதான் திறந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து மெல்லத்தான் வரும். அவசரக்காரர் வேறு ஏதாவது வாசிக்கட்டும்.

நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில். நான், மகள், மருமகன். அறைகள் இரண்டு. ஒன்று அவர்களுக்கு, மற்றது எனக்கு. என் அறையில் கட்டில், கனத்த பஞ்சு மெத்தை, கதவளவு உயரத்தில் ஓர் அலுமாரி, அதற்குள் அடங்காமல் மேலே ஏற்றி வைத்த சேலை மூட்டைகள், யன்னலுக்கு இரட்டைத் திரை, நிலத்தில் பாய், பாய்க்கு மேல் பழைய போர்வை. புறக்கோட்டையில் மொத்தத் துணிக்கடை ஒன்றின் ஸ்டோரில் முப்பது வருடம் நின்றவளிடம் துணியைத் தவிர வேறு என்ன சேரும்?

மகளுக்கு நல்ல குரல். வேலை செய்த கந்தோர் மூடப்பட்டு எட்டு மாதம் சும்மா இருந்தாள். ஒருநாள் பின்னேரம் என் கட்டிலில் சாய்ந்துகொண்டு, போனில் ஒரு குட்டிக் கதையை வாசித்துப் பதிந்து, வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதைகளை ஒலியாகச் செய்து கொடுக்கும் ஓரிடத்துக்கு அனுப்பினாள். குரல் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒழுங்கான ஸ்டூடியோவும் மைக்கும் வைத்து இன்னொரு மாதிரிப் பதிவு அனுப்புங்கள், சரிவந்தால் வேலை உங்களுக்கு என்று எழுதினார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பிள்ளை வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த நாளே மருமகன் என் அறையைத் துடைத்து எடுத்தார். மருமகன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னோடு மரியாதையாகத்தான் கதைப்பார்.

"மாமி, கோவிக்காதேங்கோ. ஸ்டூடியோ எண்டா சாமான் ஒண்டும் இருக்கக் கூடாது. ஹோலுக்கை உங்களுக்குக் காத்தும் நல்லா வரும்."

காற்று நன்றாகத்தான் வந்தது. யார் கதவைத் தட்டினாலும் நான் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள், காற்றைவிட அதுதான் கூட வந்தது. அலுமாரி குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றது, சமைக்கப் போகவும் ஒதுங்கித்தான் போகவேண்டும்.

வெறும் அறையில் ஒரு மேசை, ஒரு மைக். சுவருக்கு என்ன செய்வது என்று மருமகன் போனில் தேடி, முட்டைத் தட்டு ஒட்டினால் போதும் என்று கண்டுபிடித்தார். காலி வீதிக் கடைகளில் கேட்டு வாங்கிய தட்டுகளை இரண்டு சுவர் நிறைய டேப்பால் ஒட்டினார். மறுநாளே கரப்பான் பூச்சி வந்தது. மகள் அதற்குள் இருந்து வாசித்து அனுப்பினாள்.

பதில் வந்தது. குரல் அதேதான், ஆனால் கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோல இருக்கிறதாம். நடுவில் ரயிலும் போகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம். மகள் என் கட்டிலில், ஹோலில், எல்லாருக்கும் தெரிய உட்கார்ந்து அழுதாள்.

புதன்கிழமை மருமகன் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருப்பவர், முஸ்லிம் ஆள், நாற்பது வயது இருக்கும். மேடு பள்ளமாக வெட்டிய கறுப்பு ஃபோம் துண்டுகளைப் பையில் கொண்டு வந்திருந்தார். வந்தவுடன் அறை நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டினார். சுவர்கள் திருப்பித் தட்டின.

"கேட்டீங்களா? சத்தம் செவருக்குச் செவர் ஓடுது. முட்டைத் தட்டு இதப் பிடிக்காது. இந்த ஃபோம் பிடிக்கும்."

"அப்ப ரயிலையும் பிடிக்குமா தம்பி?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இல்லம்மா. பொய் செல்லக் கூடாது. இது ரூமுக்குள்ள பொறக்கிற சத்தத்துக்கு. வெளியால வாற சத்தத்த நிப்பாட்ட வேற செவரே கட்டணும்."

"இந்த ஃபோம்ல அப்பிடி என்ன இருக்கு?"

"மெத்துன்னு இரிக்கி, அவ்வளவுதான். மெத்துன்னு, தடிப்பா இரிக்கிற எல்லாமே சத்தத்தக் குடிக்கும். மனுச ஒடம்பும் குடிக்கும். வெறும் மண்டபத்துக்கும் ஆள் நெறஞ்ச மண்டபத்துக்கும் சத்தம் வேற வேற, தெரியும்தானே?"

எனக்குத் தெரியும். இவர் பிறக்க முதலே தெரியும். அந்தத் துணி ஸ்டோரில், கூரை வரை அடுக்கிய சீத்தைத் துணிக் கட்டுகளுக்கு நடுவில் நின்று நாங்கள் முதலாளியை வாய்க்கு வந்தபடி ஏசுவோம். ஆறடி தள்ளி மேசையில் இருக்கும் மனுஷனுக்கு ஒரு சொல்லும் கேட்காது. தீபாவளிக்குச் சரக்கெல்லாம் விற்றுத் தட்டுகள் காலியான ஒரு வருடம், அதே பழக்கத்தில் நான் அவரைக் 'கஞ்சப் பிசாசு' என்று முணுமுணுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து, "பிசாசு இங்கதான் இருக்கு, வந்து கணக்கைப் பாருங்க" என்று குரல் வந்தது. துணி இருந்தவரை காப்பாற்றியது, துணி போனதும் காட்டிக் கொடுத்தது.

மருமகன் சுவரை அளக்கத் தொடங்கினார். "பசை போட்டு ஒட்டினா பிறகு கழட்டேலாது என்ன?"

"கழட்டினா செவரும் சேர்ந்து வரும்."

அதாவது இனி இது என் அறை இல்லை. எனக்கு ஹோல்தான். நான் போய் அறை நடுவில் நின்றேன்.

"சுவர்ல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. முதல் அனுப்பின கதையைப் பிள்ளை எங்க வச்சு வாசிச்சா?"

மகள்தான் சொன்னாள். "இங்கதான் அம்மா. உங்கட கட்டில்ல."

"அதுல கிணறு இருந்துதா?"

மகள் போனை எடுத்தாள்.

"போட்டுப் பாருங்க."

மகள் போனில் அந்தக் கதையைப் போட்டாள். காதுக்குப் பக்கத்தில் இருந்து சொல்வதுபோல இருந்தது. கடைக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்ல ரூமை நீங்களே வெளியால தூக்கிப் போட்டுட்டு, கடையில போய்த் தேடுறீங்க," என்றேன். "கட்டிலைக் கொண்டு வாங்க."

மருமகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஸ்டூடியோவுக்கை கட்டிலோ? ஆரும் கண்டால் சிரிப்பினம் மாமி. உங்களுக்கு இது விளங்காது."

"அவங்க பாக்கவா போறாங்க? கேக்கத்தானே போறாங்க. விளங்காதவள் சொல்றதை ஒருக்காச் செஞ்சு பாருங்க. சரிவராட்டி நான் ஹோல்லயே கிடக்கிறன், சாகும் வரைக்கும்."

சொல்லிவிட்டு, சரிவராவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் யோசனைதான். வெளியே காட்டவில்லை.

கடைக்காரர்தான் முதலில் கட்டிலைப் பிடித்தார். மெத்தை வந்தது. அலுமாரியைத் தள்ளி வந்து மேசைக்கு எதிர்ச்சுவரில் நிறுத்தி, கதவு இரண்டையும் அகலத் திறந்து, சேலைகள் தெரிய விட்டோம். முட்டைத் தட்டுகளைப் பிய்த்தெறிந்த இடத்தில் கயிறு கட்டிப் போர்வைகளை மடித்துத் தொங்கப் போட்டேன். பாய், திரை, மூட்டை எல்லாம் பழைய இடத்துக்கு வந்தன.

"இப்பத் தட்டுங்க தம்பி."

தட்டினார். சத்தம் கையிலேயே செத்துவிட்டது. இன்னொரு மூலைக்குப் போய்த் தட்டினார். பிறகு பையை மூடினார்.

"அம்மா, நீங்க எனக்கு முன்னால கடை போட்டிருந்தா நான் பட்டினிதான்."

போகிறபோது ஒரு குறையும் சொன்னார். யன்னல் மூலை இன்னும் லேசாக இரைகிறதாம். கேட்டுப் பார்த்தேன், உண்மைதான். இரண்டு துண்டு ஃபோம் மட்டும் வாங்கிக்கொண்டேன். பசை இல்லாமல், திரைக் கம்பியில் நூல் கட்டித் தொங்குகிறது. நியாயத்துக்கு நான் எதிரி இல்லை.

ரயிலுக்கு வேறு சுவர் வேண்டாம். பதினாறு வருடமாக அந்தக் கட்டிலில் கிடந்து கேட்டவள் நான். எது எப்போது வரும், எது வழமையாகப் பிந்தும் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை நான் கை காட்டியபோது மகள் வாசித்தாள், நான் கையை இறக்கியபோது நிறுத்தினாள். ரயில் போனது. மறுபடி கை காட்டினேன். மருமகன் காதில் ஹெட்போனோடு வாசலில் நின்றார். வாசித்து முடிந்ததும் அதைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார். கிணறும் இல்லை, ரயிலும் இல்லை.

வெள்ளி பின்னேரம் பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். முதலில் பன்னிரண்டு கதை. ஸ்டூடியோ அருமை, சுவருக்கு என்ன பாவித்தீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். மருமகன் ஏதோ ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். கட்டில் என்று எழுதியிருக்க மாட்டார்.

திங்கட்கிழமை மகள் மைக்குக்கு முன்னால் இருந்துகொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, கொஞ்ச நேரம் வெளியால இருங்களேன். நீங்க மூச்சு விடுறதும் விழும்."

நான் தலையணையைச் சரி செய்துகொண்டு சாய்ந்தேன்.

"மனுச உடம்பும் சத்தத்தைக் குடிக்கும் எண்டு அந்தத் தம்பி சொன்னவர்தானே. நான் எழும்பிப் போனா உன்ட ஸ்டூடியோ பழுதாப் போயிடும். நீ வாசி, நான் மெல்ல மூச்சு விடுறன்."

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, கை காட்டினேன்.