ராயப்பன் கையெழுத்துப் போடாத கல்விக் கடன்

1. வீடு காட்டுகிற வேலை

ராயப்பன் வீட்டுக்கு நாங்கள் போன அன்று, அவன் மகள் ஜெசிந்தாவின் கல்விக் கடனில் இரண்டு தவணை நின்றிருந்தது. மூன்றாவதும் நின்றால் கணக்கு வாராக் கடன் ஆகிவிடும். அதன்பிறகு அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டாலே எந்த பேங்கும் கதவைச் சாத்தும்.

பேங்கில் எனக்குச் சம்பளம் தருவது தரை கூட்டுவதற்கும் தண்ணீர் பிடித்து வைப்பதற்கும்தான். ஆனால் ரெக்கவரிக்குக் கிளம்பினால் மேனேஜர்கள் என்னையும் காரில் ஏற்றிக்கொள்வார்கள். கடற்கரை ஊர்களில் எந்த வீடு யாருடையது என்று எனக்குத் தெரியும். மேனேஜர் மட்டும் போனால் வீடு பூட்டியிருக்கும். நான் போனால் காப்பி வரும்.

போவதற்கும் ஒரு முறை உண்டு. காரைக் கோயில் பக்கத்திலேயே நிறுத்திவிடுவோம். வாசலில் நின்று கடன் என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். தண்ணீர் கொடுத்த வீட்டில் உட்காராமல் போவது மரியாதையில்லை, அதனால் அவர்களே உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

ராயப்பன் சங்கு குளித்தவன். மூட்டெல்லாம் வலி கண்டு, இனிக் கடலுக்கடியில் இறங்காதே என்று டாக்டர் சொன்னபிறகு ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்துக்கொண்டிருந்தான். மனைவி இல்லை. ஒரே மகள். கடன் வாங்கி நர்சிங் படிக்க வைத்தான். அவள் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். சம்பளத்தில் பாதிக்குமேல் தவணைக்கே போனது, மிச்சத்தில் சமாளிக்க முடியாமல்தான் இரண்டு மாதம் நின்றது.

என்னைப் பார்த்ததும் சிரித்தான். "என்னக்கா, பேங்கக் கூட்டி முடிச்சிட்டு இப்ப ஊரக் கூட்ட வந்துட்டியளா?"

"ஊரக் கூட்டுனா உன் வீட்டுக் குப்பையத்தாம்லே மொதல்ல அள்ளணும். தண்ணி குடு."

மேனேஜரம்மா மதுரைப் பக்கம். நல்ல பிள்ளை, பொறுமையாகவே சொன்னாள். "ஐயா, கடன ரீஷெட்யூல் பண்ணிரலாம். கட்டுற வருசத்தக் கூட்டிட்டா மாசத் தவணை ஏறக்குறைய பாதியாக் குறையும். மொத்தமாப் பாத்தா வட்டி கூடத்தான் ஆகும். ஆனா பொண்ணு மூச்சு விடலாம். நீங்களும் கடன்ல சேந்திருக்கீங்க. ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்."

ராயப்பன் தண்ணீர்ச் செம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தான். பிறகு கேட்டான். "அத்தன வருசமும் புள்ள யாரு சொல்லுத எடத்துல வேல பாக்கணும்?"

மேனேஜரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

2. சம்மாட்டி முன்பணம்

எங்கள் கரையில் சம்மாட்டி என்றால் வள்ளத்துக்குச் சொந்தக்காரர். அவரிடம் முன்பணம் வாங்கியவன் அது தீரும்வரை அவர் வள்ளத்தில்தான் போக வேண்டும். வேறு வள்ளத்துக்கு மாற வேண்டுமானால், புதுச் சம்மாட்டி பழையவருக்குப் பணத்தை அடைத்து ஆளை வாங்கிக்கொள்வார். கடன் அப்படியே இருக்கும், முதலாளி மட்டும் மாறுவார். கடனுக்கு வருசம் கூடினால் ஆளுக்கும் கட்டு கூடும். ராயப்பன் வாலிபம் முழுக்க அப்படிக் கைமாறியவன். கல்யாணத்துக்கே சம்மாட்டியிடம் அனுமதி கேட்டுத்தான் கரையில் நின்றான்.

"ஏலே, இது பேங்கு," என்றேன். "உன் மவளக் கட்டிப்போட அங்கன வள்ளமா நிக்கு? எங்க வேணாலும் போவா. துபாய்க்கும் போவா."

"நீங்க அங்கன சம்பளம் வாங்குதிய. அப்படித்தாம் பேசுவிய."

"எனக்குக் குடுக்குத சம்பளத்துக்கு நான் பொய் வேற சொல்லணுமாக்கும்!"

அதற்கும் சிரித்தான். கையெழுத்துக்கு மட்டும் வரவில்லை. ஜெசிந்தா அழுதாள், கெஞ்சினாள். "என் கழுத்துல கெடந்தது உன் கழுத்துலயும் கெடக்க வேண்டாம்ளா," என்று அவளிடம் சொல்லிவிட்டான்.

3. காதில் பஞ்சு

மூன்றாவது தவணை நாள் வருவதற்கு முன்பே ராயப்பன் பேங்குக்கு வந்தான். கையில் ரொக்கம். நின்றுபோன தவணைகளைக் கட்டி, வரப்போகிற சில மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டினான். மேனேஜரம்மாவுக்குச் சந்தோஷம். "கணக்கு சுத்தமாயிருச்சு ஐயா," என்றாள்.

நான் அவன் காதைப் பார்த்தேன். பஞ்சு வைத்திருந்தான். சங்குக்கு இறங்குகிறவர்கள் காது வலிக்கு வைக்கிற பஞ்சு.

"முன்பணம் வாங்கிட்டியாலே?"

"மெதுவாப் பேசுங்கக்கா."

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"டாக்டரா வந்து தவணை கட்டுவாரு? நான் பழகுன கட்டு இது, எனக்கு வலிக்காது. அவகிட்டச் சொல்லிராதிய."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் பதறி ஓடிவந்து அப்பனோடு சண்டை போட்டாள். ஆனால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க அது கையில் இல்லையே. எங்கள் பேங்குக்கு அல்லவா வந்துவிட்டது. அந்தச் சம்மாட்டியின் வள்ளத்தில் அவன் தொடர்ந்து போனான். முன்பணத்தைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்று மற்றவர்களைவிட அதிகம் இறங்கினான்.

ஒருநாள் வள்ளத்திலிருந்து மூச்சுக்கு வருகிற குழாயில் காற்று குறைந்து, ஆழத்திலிருந்து நிதானமாக ஏறாவிட்டால் உடம்பு முடங்கும் என்று தெரிந்தவனே ஒரேயடியாக மேலே வந்துவிட்டான். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

4. வார்டில்

பெரியாஸ்பத்திரிக்குச் சம்மாட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். வைத்த பாட்டிலிலிருந்து கையை எடுக்கும் முன்பே கேட்டார். "முன்பணம் அப்படியே நிக்குல்லா. உங்க வீட்டுல இனி யாரு வருவா?"

ஜெசிந்தா எழுந்து நின்றாள். "எறங்க எங்க வீட்டுல ஆளு இல்ல. மாசாமாசம் நான் தாரேன். போய்ட்டு வாங்க."

எதிலிருந்து கொடுப்பாள்? பேங்க் தவணையைக் குறைத்தால்தான் முடியும். மேனேஜரம்மாவே காகிதங்களைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தாள். ராயப்பன் என்னைத்தான் பார்த்தான்.

"புள்ளையக் கட்டிப்போட மாட்டாவளேக்கா?"

"மாட்டாவலே."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னம்லே."

"சொன்னிய. என் காதுல அது சம்மாட்டி சத்தத்துலதான் விழுந்துச்சு."

கையெழுத்துப் போட்டான். அதற்கு ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

கிளையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், தவணையைக் குறைக்கும் வழியை வீட்டில் எப்படி எடுத்துச் சொல்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். வட்டிக் கணக்கு எனக்குத் தெரியாது, அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்காரர்கள் இதற்குமுன் யாரிடம் கடன்பட்டார்கள், அவன் இவர்களை என்ன செய்தான் என்று முதலில் கேளுங்கள். பிறகு உங்கள் திட்டத்தைச் சொல்லுங்கள்.

ஜெசிந்தாவின் தவணை இப்போது ஒழுங்காக வருகிறது. போன வருசம் அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது, இங்கே வாங்குவதைப்போல் பல மடங்கு சம்பளம். பேங்க் தடுக்கவில்லை. மேனேஜரம்மா இனிப்பே வாங்கிவரச் சொன்னாள்.

"எப்பளா கெளம்புத? எனக்கு ஒரு சென்ட்டு பாட்டிலாவது வருமா?" என்று கேட்டேன்.

"அப்பாவ யாரு அத்த தூக்கி உக்கார வைப்பா?" என்றாள்.