எதிரியைக் கப்பலில் ஏற்றியவள்

போன வருடம் கார்த்திகை மாதம், வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் நடந்தது இது. என் அண்ணனுக்குச் சிறுநீரகக் கல்லை எடுத்து முடித்திருந்தார்கள். அவன் வார்டில் படுத்துக்கொண்டு, எப்போது பிரியாணி சாப்பிடலாம் என்று நர்சைக் குடைந்துகொண்டிருந்தான். ஆகவே எனக்குப் பெரிய கவலை எதுவும் கிடையாது. கவலை இல்லாவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். நடந்ததெல்லாம் அந்த வாயால் வந்ததுதான்.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு சண்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறோம். பஸ் முழுக்கப் பெண்கள். காலையில் தூக்கம், சாயங்காலம் செல்போன். அப்படித்தான் அந்த வைக்கிங் தொடர் எங்களுக்குள் வந்து புகுந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வடக்குக் கடலில் கப்பல் ஓட்டி, கரை கரையாகப் போய்க் கொள்ளையடித்த ஆட்களின் கதை. தமிழில் டப் செய்திருந்தார்கள். தாடியும் கோடரியுமாக வருகிறவர்கள், "தலைவரே, கப்பல்கள் ஆயத்தமாகிவிட்டன" என்று மேடைத் தமிழில் பேசும்போது முதலில் சிரிப்புத்தான் வந்தது. கொஞ்ச நாளில் நாங்களே அப்படிப் பேச ஆரம்பித்துவிட்டோம். அட்டைப்பெட்டி ஏற்ற வேன் வந்தால், "தலைவியே, கப்பல் வந்துவிட்டது" என்று ஒருத்தி எனக்குச் சேதி சொல்வாள்.

எங்கள் தொழில் புத்தியும் கூடவே வரும். போர் உச்சத்தில் இருக்கும்போது பின் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும்: "அந்த பூட்ஸப் பாருங்கடி, அடிப்பாகம் பசை போட்டு ஒட்டினது. அந்தக் காலத்துல ஏதுடி இந்தப் பசை?" அவ்வளவுதான், சாகக் கிடக்கிற ராஜாவை விட்டுவிட்டு எல்லோரும் அவன் காலைப் பார்ப்போம்.

போர்க்களத்தில் அவர்கள் கேடயங்களை நெருக்கி வைத்து மதில் மாதிரி நிற்பார்கள். அதையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். கேன்டீனில் யாராவது வரிசைக்குள் நுழையப் பார்த்தால், "கேடய மதில்!" என்று ஒருத்தி குரல் கொடுப்பாள். தட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தோளோடு தோள் ஒட்டி நிற்போம். ஒரு ஈ நுழையாது.

இந்தக் கூத்துக்கெல்லாம் என் கூட்டாளி, தையல் லைனில் இருக்கும் ஒரு தோழி. பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஜன்னலோரம், அவளுக்குப் பக்கத்து சீட்டு. வாட்ஸ்அப்பில் இந்தத் தொடருக்கென்றே ஒரு குரூப் ஆரம்பித்ததும் நாங்கள் இரண்டு பேரும்தான். அட்மின் நான்.

முதல் தொடர் முடிந்தது. அப்புறம் அதன் தொடர்ச்சி என்று இன்னொன்று வந்தது. வினையும் வந்தது. பழைய நாயகன் செத்துப்போய், அவன் பேரன் பேத்திகளும் போய்ச் சேர்ந்த காலத்துக் கதை. எல்லாமே புது முகம். எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒட்டவில்லை. இருந்தாலும் பொறுத்துக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் பகுதியில் ஒரு பெண் கப்பல் தலைவி வருகிறாள். அவள் ஊரைக் கொளுத்திய கூட்டத்தின் கப்பல் புயலில் உடைந்து, அவர்கள் தண்ணீரில் தத்தளிக்கிறார்கள். இவள் கப்பலைத் திருப்பிப் போய் ஒவ்வொருத்தனாகத் தூக்கித் தன் கப்பலில் ஏற்றுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரைக் கொளுத்தினவனுக்குக் கம்பளி போர்த்திவிட்டால் அவள் என்ன வைக்கிங்?

என் தோழி அதே காட்சியைப் பார்த்துவிட்டு பஸ்ஸிலேயே தேம்பி அழுதாள். "இதாண்டி வீரம்" என்றாள். 

"இதுவா வீரம்? கதை எழுதத் தெரியாதவன் எழுதினது" என்றேன் நான்.

அன்று சாயங்காலம் குரூப் பற்றி எரிந்தது. பழைய கட்சி, புதுக் கட்சி என்று பஸ்ஸே இரண்டாகப் பிரிந்தது. வாள், கோடரி, மண்டையோடு என்று செல்போனில் இருக்கிற பொம்மையெல்லாம் பறந்தன. கடைசியில் அவள், "அட்மின்னா ராணின்னு நெனப்பா?" என்று ஒரு வரி போட்டுவிட்டு குரூப்பை விட்டு வெளியேறினாள். அவளோடு பாதிப் பேர் போனார்கள். மறுநாள் என் பக்கத்து சீட் காலி. அவள் டிரைவருக்குப் பின்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு டிவி தொடருக்காக இரண்டு பெரிய பெண்கள் பேசாமல் இருந்தோம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அப்போது எங்களுக்கு அது சிரிப்பாக இல்லை.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் வங்காளப் பக்கத்திலிருந்து வந்தவர். வேலூர் லாட்ஜ்களில் பாதிப் பேர் அப்படி வைத்தியத்துக்கு வந்தவர்கள்தான். அவர் செல்போனிலிருந்து ஒரு கொம்பு ஊதும் சத்தம் வந்தது. அந்தக் கொம்பை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். எட்டிப் பார்த்தால் அதே தொடர்ச்சி, இந்தியில். ஆம்பூர் அக்கம்பக்கத்தில் கற்றுக்கொண்ட உருதும் சினிமா இந்தியும் கலந்து, "இதைப் பார்க்காதீங்க, மூணாவது பகுதியில கெடுத்து வெச்சிருக்காங்க" என்றேன்.

அவர் சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாதீங்க தீதி, தயவுசெய்து சொல்லாதீங்க!" என்றார். தீதி என்றால் அவர்கள் பாஷையில் அக்கா.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவரும் மனைவியும் சேர்ந்துதான் அந்தத் தொடரைப் பார்ப்பார்களாம். மனைவிக்கு மறுநாள் காலையில் இதய வால்வு ஆபரேஷன். இரண்டாம் பகுதி வரைக்கும் பார்த்திருந்தார்கள். 'மீதியை நான் வெளியே வந்ததும் பார்க்கலாம், எனக்கு முன்னால நீங்க பார்க்கக் கூடாது' என்று அந்த அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் இவர் இரண்டாம் பகுதியையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

சிறிது நேரத்தில் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அவர் மனைவிக்கு ஓ நெகட்டிவ் வகை ரத்தம். லேசில் கிடைக்காத வகை. ஆபரேஷனுக்குக் கையிருப்பு போதவில்லை, வெளியிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம், உங்கள் பக்கத்தில் ரத்தம் கொடுக்க ஒருவர் கிடைத்தாலும் நாளைக்கே செய்துவிடலாம், இல்லாவிட்டால் தள்ளிப்போகும் என்றிருக்கிறார்கள். தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது என்று டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தாராம். என் அண்ணனுக்கு ரத்தம் தருகிறோம் என்று ஒரு வேன் நிறைய வந்த சொந்தக்காரர்களை, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தோம். இந்த மனிதருக்கு வேலூரில் தெரிந்தவர்கள் லாட்ஜ் மேனேஜரும் நானும்தான். நானோ பி பாசிட்டிவ்.

ஓ நெகட்டிவ் என்றதுமே எனக்கு ஒரு அட்டை ஞாபகம் வந்தது. கம்பெனியில் எல்லோரும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருப்போம். போட்டோவுக்குக் கீழே ரத்த வகை இருக்கும். பஸ் குலுங்கும்போதெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு அட்டை ஆடி ஆடி என் கையில் இடிக்கும். அதில் என்ன போட்டிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்த அட்டைக்காரிதான் என்னோடு பேசுவதில்லையே.

யோசிக்க நேரமில்லை. லைனில் செல்போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் வருகைப் பதிவு பார்க்கும் கம்பெனி டைம் ஆபீசுக்குப் போன் போட்டேன். ரொம்ப அவசரம், தையல் லைனிலிருந்து அவளைக் கூப்பிடுங்கள் என்றேன். போனைக் காதில் வைத்தபடி, என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாளோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க ஓடி வந்தவளின் முதல் வார்த்தை, "அண்ணனுக்கு இன்னாச்சுடி?"

நான் லீவு போட்டதையும் அண்ணனுக்கு ஆபரேஷன் என்பதையும் அவளிடம் நான் சொல்லவே இல்லை. விசாரித்து வைத்திருக்கிறாள்.

"அண்ணன் நல்லாக்கீறான். வேற ஒருத்தங்களுக்கு ரத்தம் வேணும். உன் குரூப்பு."

"யாருக்கு?"

"யாருன்னு தெரியாதுடி. வடக்க இருந்து வந்தவங்க. நாளைக்கு ஆபரேஷன்."

"போன தடவ கம்பெனி கேம்ப்ல ரத்தம் கம்மின்னு என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்களே" என்றாள். அதை நான் மறந்தே போயிருந்தேன். ஆனால் அடுத்த நொடியே அவள், "சரி, அதுக்கப்புறம் முருங்கக்கீரயா தின்னுக்கினுகீறேன். வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அங்கே நடந்ததை அவள் பின்னால் சொல்லித்தான் தெரியும். அன்றைக்குப் பார்த்து ஏற்றுமதி அவசரம். சூப்பர்வைசர் பர்மிஷன் தர மறுத்தார். ஒரு ஆள் குறைந்தால் லைன் நின்றுவிடும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அப்போது மெஷின் சத்தத்துக்கு மேலே ஒரு குரல், "கேடய மதில்!" என்றதாம். பழைய கட்சி, புதுக் கட்சி எல்லாம் எழுந்து சூப்பர்வைசருக்கும் அவளுக்கும் நடுவில் தோளோடு தோள் சேர்ந்து நின்றிருக்கிறார்கள். "இவ பீஸ நாங்க தைச்சுத் தர்றோம் சார், அனுப்புங்க." அவர் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "கப்பல் புறப்படட்டும்" என்றாராம். அந்த மனிதரும் தொடர் பார்க்கிறவர் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வெயில் சாய்வதற்குள் வந்து சேர்ந்துவிட்டாள். கம்பெனி ஓவர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வெறும் வயிற்றோடு ரத்தம் எடுக்க மாட்டார்கள் என்பதால், பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாம்பார் சாதத்தை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த வங்காளத்து மனிதர் கையைக் கட்டிக்கொண்டு, அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவளுக்கோ அவர் பாஷை தெரியாது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். வாங்கிக் குடித்தாள்.

பரிசோதனையில், விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை நீல நிறத் தண்ணீரில் விடுவார்கள். அது மூழ்கினால் ரத்தம் எடுக்கலாம். மிதந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கம்பெனி முகாமில் அவள் சொட்டு மிதந்திருந்தது. இப்போது நாங்கள் மூன்று பேரும் அந்தக் கண்ணாடி டம்ளரையே பார்த்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொட்டு விழுந்தது. ஒரு கணம் தயங்கினாற்போல் நின்றது. பிறகு நேராக அடியில் போய் உட்கார்ந்தது. நான் போட்ட கூச்சலுக்கு அந்த டெக்னீஷியன் என்னை வெளியே போகச் சொன்னார். போகவில்லை.

ரத்தம் பைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது, படுத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்போ சொல்லுடி. அவ அவங்களக் கப்பல்ல ஏத்தினது தப்பா?"

"அவங்க ஊரக் கொளுத்தினவங்க. இவரு யார் ஊரக் கொளுத்தினாரு? அது வேற, இது வேற" என்றேன்.

"உன்னத் திருத்தவே முடியாது."

"நீ மட்டும் திருந்திட்டியா?"

"ரத்தம் குடுத்தேன்னு கருத்த மாத்திப்பேன்னு நெனைக்காத" என்றாள். சிரித்துவிட்டோம். சிரித்ததில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவள் பார்த்தாள், ஆனால் கிண்டல் செய்யவில்லை.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணனை வீட்டுக்கு அழைத்துப் போகும்போது அந்த மனிதரிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். மூன்றாம் பகுதியைப் பற்றி அப்போதும் மூச்சு விடவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு நாள் அவரிடமிருந்து வீடியோ வந்தது. சாயங்கால பஸ்ஸில் எல்லோருமாகப் பார்த்தோம். அவர் மனைவி நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். டிவியில் அந்தப் புயல் காட்சி. கப்பல் திரும்புகிறது. முதல் ஆளைத் தூக்கி ஏற்றியதும் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார், அழுதுகொண்டே கை தட்டுகிறார். பஸ்ஸில் புதுக் கட்சிக்காரிகள் போட்ட கூச்சலில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். என் பக்கத்து சீட்காரி முழங்கையால் என்னை ஒரு இடி இடித்தாள், அவ்வளவுதான்.

அந்தத் தொடர்ச்சி எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை, அந்தக் காட்சி தப்புத்தான் என்று யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன். ஆனால் தத்தளிக்கிறவர் யார் என்றுகூடத் தெரியாமல் கப்பலைத் திருப்புகிற ஒருத்தியின் அட்டை தினமும் என் கையில் இடிக்கிறது என்ற தைரியம் இருக்கிறதே, அதோடுதான் நான் காலையில் பஸ் ஏறுகிறேன்.