செல்வராணி டீச்சரும் ஐம்பத்திரண்டு விநாடிப் படமும்

செவ்வாய்க்கிழமை காலை சேத்துப்பட்டில் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிக்குப் போக வேண்டி, ஆரணி பேருந்து நிலையத்தில் வண்டி ஏறி உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்புவதற்குள் பள்ளி அலுவலகத்திலிருந்து எழுத்தர் அழைத்தார்.

"மாலதி மிஸ், செல்வராணி டீச்சர் தவறிட்டாங்க. காலைல நெஞ்சு வலின்னு வேலூருக்கு இட்டுகினு போயிருக்காங்க. வழியிலேயே முடிஞ்சிடுச்சாம்."

"யார் சொன்னது? நல்லா விசாரிச்சீங்களா?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். வண்டியிலிருந்து இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பூக்கடை ஓரமாக நின்றேன். அழுகை வரவில்லை. ஐம்பத்தோரு வயதில், பருவத்தேர்வு நடக்கிற நேரத்தில், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படியா போவது என்று கோபம்தான் வந்தது. அவர் என்னைக் கோபப்படுத்தாத நாள் குறைவு. கடைசி நாளும் அதற்குத் தப்பவில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் இது தெரியும். செல்வராணி டீச்சர் விலங்கியல் ஆசிரியை. அவருடைய ஆய்வகத்துக்கும் என்னுடைய கணினி அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். பதினோரு ஆண்டுகள் அந்தச் சுவருக்கு இருபுறமும் இருந்தோம். யார் "புரிஞ்சிது" என்று சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். ஒருமுறை பொதுத்தேர்வு அறைக்கு வழிகாட்ட அம்புக்குறி போட்டு நான் ஒரு தாள் ஒட்டினேன். காவலரைக் கூப்பிட்டு, "இதப் பாத்து நடங்க அண்ணே" என்றார். மனிதர் நேராகக் கழிப்பறைக்குப் போய் நின்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தாளைக் கிழித்து என் கையில் கொடுத்து, "வேற எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாவட்ட அளவில் பள்ளி மாணவர்களுக்கு அனிமேஷன் போட்டி ஒன்று அறிவித்தார்கள். உடல்நலம் பற்றி ஒரு நிமிடத்துக்குள் ஒரு படம். தலைமையாசிரியை என்னையும் அவரையும் சேர்த்துப் பொறுப்பாக்கினார். நான்கு பிளஸ் ஒன் மாணவிகள் முன்வந்தார்கள். அவர்களில் சங்கீதாவுக்குக் கண்ணமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். என்ன படம் எடுக்கலாம் என்று கேட்டபோது, மற்றவர்கள் யோசிப்பதற்குள் அவள் சொன்னாள்: "பாம்புக்கடி, மிஸ்."

அவளுடைய அப்பா கூலிக்கு நாற்று நடப் போன இடத்தில் கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. விஷம் ஏறக் கூடாதென்று வீட்டார் கணுக்காலுக்கு மேலே தாம்புக்கயிற்றால் இறுக்கிக் கட்டி, அப்படியே வேலூர் வரை கொண்டு போயிருக்கிறார்கள். உயிர் பிழைத்தார். இடது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். கட்டாமல் போயிருந்தால் கால் தப்பியிருக்கும் என்று மருத்துவர் பிறகு சொன்னாராம். "அத எல்லார்க்கும் சொல்லணும் மிஸ்" என்றாள். அதற்குமேல் விவாதமே இல்லை.

காகிதத்தில் ஆளையும் பாம்பையும் வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கைபேசியில் ஒவ்வொரு படமாக எடுத்துக் கோப்பது என்று முடிவு செய்தோம். விநாடிக்குப் பத்துப் படம். மறுநாளே தொடங்கிவிடலாம் என்று நான் நினைத்தேன். டீச்சர் விடவில்லை. மூன்று வாரம் பென்சிலும் தாளும்தான். கட்டம் கட்டமாக வரைவது, சுவரில் ஒட்டுவது, கதையைச் சொல்லிப் பார்ப்பது, கிழிப்பது, மறுபடி வரைவது.

"டீச்சர், பசங்களுக்கு சலிப்பு வந்துடும்" என்றேன்.

"இப்ப அழிக்கறது சுலபம். அறுநூறு போட்டோ எடுத்துட்டா அப்புறம் தப்புன்னு தெரிஞ்சாலும் அழிக்க மனசு வராது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் அந்த மூன்று வாரத்தில் என் பொறுமை போய்விட்டது.

ஒருவழியாகப் படம் தயாரானது. நால்வரில் ஒருத்தியான பிரியாவின் வீட்டில் தறி ஓடுகிறது. அவள் கழிவு ஜரிகையைக் கொண்டுவந்து பாம்புக்கு உடம்பெல்லாம் ஒட்டியிருந்தாள். அது வளைந்து வரும்போது வெளிச்சம் பட்டுத் தகதகவென்று மின்னும். நான் கை தட்டினேன். டீச்சர் கைபேசியை எடுத்துக்கொண்டு, மாணவிகளையும் கூட்டிக்கொண்டு, சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வேலூர் வண்டிக்குக் காத்திருந்த ஒரு கீரைக்கார அம்மாவிடம் காட்டினார். பாம்பு வந்ததும் அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"நாகாத்தம்மா மாதிரியே கீதும்மா. இன்னா கோயில் இது?"

பக்கத்தில் இருந்த இன்னொருவரும் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். கடிபட்ட ஆளை இருவருமே கவனிக்கவில்லை. மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் தன் குறிப்பேட்டில் அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, "கண்ணாடி விரியனுக்கு ஜரிகை எதுக்கு? மண்ணு நெறத்துல செய்ங்க" என்றார். பிரியாவுக்கு முகம் தொங்கிப்போனது. பாம்பு வரும் எல்லாப் படங்களையும் மறுபடி எடுத்தோம்.

போட்டிக்குப் படம் அனுப்ப நான்கு நாள் இருந்தது. எனக்கு நிம்மதி. அப்போது அவர் சொன்னார்: "சங்கீதா வூட்ல ஒருவாட்டி காட்டிட்டு அனுப்பிடலாம். சவுண்ட் இல்லாம."

"சவுண்ட்லதான டீச்சர் எல்லா விஷயமும் இருக்கு!"

"ஊர்ல யாரு டீச்சர் சவுண்ட் வெச்சிகினு பாக்கறாங்க? பஸ்ல, கடையில, எல்லாம் சும்மா தள்ளிகினே பாக்கறாங்க."

சனிக்கிழமை மதியம் போனோம். சங்கீதாவின் அம்மா வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகள் செய்த படம் என்றதும் இருவருக்கும் பெருமை தாங்கவில்லை. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுக் கைபேசியை வாங்கினார். இரண்டு முறை பார்த்தார்.

"இதுல என்னம்மா செய்யச் சொல்றாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"கடிச்சிச்சின்னா ஒடனே கயித்த இறுக்கிக் கட்டணும். கட்டிட்டு ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு எட்த்துகினு போவணும்."

"கட்டணும்னு எங்க போட்டிருக்கு?"

"தோ, கட்டறான் பாரு. கயித்து மேலயே செவப்புல ஆஸ்பத்திரி குறி போட்டுக்கீதே."

கட்டாதே என்பதற்காக நாங்கள் போட்ட பெருக்கல் குறி அது. கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு அது ஆம்புலன்ஸ் வண்டியில் பார்க்கும் சிவப்புக் குறியாகத் தெரிந்திருக்கிறது. கட்டிலில் இருந்தபடி எட்டிப் பார்த்த அவள் அப்பா, "அத்தத்தான அன்னிக்கு நாம செஞ்சோம்" என்றார். குறை சொல்லும் குரலில் இல்லை. படம் சரியாக இருக்கிறது என்று பாராட்டுகிற குரலில் சொன்னார்.

சங்கீதா எழுந்து வெளியே போய்விட்டாள். டீச்சர் அந்தப் பெற்றோரிடம் உட்கார்ந்து, கட்டக் கூடாது, கீறக் கூடாது, கொலுசு மோதிரத்தைக் கழற்றிவிட்டு, காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே அழுதார்.

திரும்பி வரும் பேருந்தில் நான் சண்டை போட்டேன். இப்படியே அனுப்புவோம், போட்டி முடிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம், நடுவர்கள் ஒலியோடுதான் பார்ப்பார்கள், அவர்களுக்குக் கட்டாயம் புரியும் என்றேன்.

"ஜட்ஜ பாம்பு கடிக்காது டீச்சர்" என்றார். அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை மாணவிகளிடமே கேட்டோம். பிரியா அனுப்பலாம் என்றாள். சங்கீதா மாற்றியே ஆக வேண்டும் என்றாள். சங்கீதா சொன்னபடிதான் நடந்தது. குறியை எடுத்துவிட்டு, கட்ட வரும் கையை இன்னொரு கை பிடித்து, கயிற்றைப் பிடுங்கி வீசுகிற மாதிரி வைத்தோம். பிறகு இருவர் நடுவே கடிபட்டவரை உட்காரவைத்து வண்டியில் கொண்டு போகிற காட்சி. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிக்கொண்டது. எங்கள் படம் மறுநாள் மதியம் முடிந்தது. ஐம்பத்திரண்டு விநாடி. அதைத் தெருவில் ஒலியில்லாமல் காட்டி, என்ன செய்யச் சொல்கிறது என்று கேட்ட ஆறு பேரும் சரியாகச் சொன்னார்கள்.

வேறொரு பள்ளிக்குப் பரிசு கிடைத்தது. தலைமையாசிரியை எங்கள் இருவரையும் நிற்கவைத்துத் திட்டினார். நான் ஒரு மாதம் டீச்சரோடு பேசவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கணினி அறையிலேயே சாப்பிட்டேன். அவர் சமாதானம் பேச வரவில்லை. ஒருநாள் தானாக வந்து எதிரே உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வாழைக்காய் வறுவலை எடுத்துத் தின்றுவிட்டு, "உப்பு பத்தல" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அவர் செய்தது சரி என்று நானும் சொல்லவில்லை.

படத்தை அவர் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கைபேசியில் அனுப்பினார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெளிநோயாளிகள் உட்காரும் இடத்துத் தொலைக்காட்சியில் செவிலியர் ஒருவர் அதை ஓடவிட்டார். அடுத்த ஆண்டு அறுவடை நேரத்தில் சங்கீதா ஓடி வந்தாள். அவள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரைப் பாம்பு கடித்ததாம். ஆட்கள் துண்டால் கட்டப் போனபோது அவள் அம்மா கத்தி, துண்டைப் பிடுங்கி எறிந்து, வண்டியில் ஏற்றி அனுப்பினாராம். ஆள் பிழைத்துக்கொண்டார், கால் நன்றாக இருக்கிறது. "பாத்தீங்களா டீச்சர், நம்ம படம்!" என்றேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது கணக்குல வராது டீச்சர். அவங்களுக்கு நாம வாயால சொல்லிட்டோம் இல்ல? படம் பாத்துத்தான் செஞ்சாங்கன்னு எப்படிச் சொல்றது?"

கையிலிருந்த வருகைப் பதிவேட்டால் அவர் தலையில் ஒன்று போடலாமா என்று இருந்தது. சந்தோஷப்படுவதற்குக்கூட இந்த மனுஷிக்குச் சான்று வேண்டுமா? ஆனால் போகும்போது சங்கீதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார்.

இனி, சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, தேர்வுக் கண்காணிப்பு பற்றிப் பேச அவரே அழைத்தார். குரல் சோர்ந்திருந்தது. என்ன டீச்சர் என்றேன். "நெஞ்சுல கேஸ். சோடா குடிச்சேன், சரியாப் போச்சு" என்றார். "சரி டீச்சர், ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு எந்த அறை என்று கேட்டேன். அவ்வளவுதான் எங்கள் கடைசிப் பேச்சு. என் இடத்தில் அவர் இருந்திருந்தால் அந்தப் பதிலோடு விட்டிருக்க மாட்டார். எங்கே வலி, எப்போதிலிருந்து, கை வலிக்கிறதா, யார் கூட இருக்கிறார்கள் என்று என் உயிரை வாங்கியிருப்பார். நான் கோபப்பட்டுக்கொண்டே மருத்துவமனைக்குப் போயிருப்பேன். டீச்சர்மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட என்மேல் இருக்கும் கோபம் இப்போது பெரிது.

போன வாரம் என் கணவர் தலை சுற்றுகிறது என்று படுத்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, சரியாகிவிட்டது என்றார். நான் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன். நான்காவது கேள்வியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "எத்தினி வாட்டிதான் கேப்ப? பேஜார் புடிச்சவ!" என்று கத்தினார். சட்டையை மாட்டச் சொல்லி, ரத்த அழுத்தம் பார்க்க அழைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் முறைத்துக்கொண்டே வந்தார். அது எத்தனை எரிச்சலான முறைப்பு என்று எனக்குத் தெரியும். பதினோரு ஆண்டுகள் அப்படித்தான் நானும் முறைத்தேன். செல்வராணி டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இதுதான்: அடுத்தவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று இன்னொரு கேள்வி கேட்பது.