ஹாரன் வரும்வரை இறங்காத கை

ஜெகதீசன் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சிக்னல்மேன். கப்பலின் அடித்தளத்தில் கிடக்கும் சரக்கு கிரேன் ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது. மேல்தளத்தில் நிற்கும் ஜெகதீசனின் கைதான் அவருக்குக் கண். ஓய்வு பெற்ற பிறகும், ராயபுரம் வீட்டில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லக்கூட அவர் கையைத்தான் காட்டுவார்.

மென்பொருள் எழுதும் மகள் கார்குழலி அந்தக் கையை இசையாக்க ஆசைப்பட்டாள். கேமரா கையைப் பார்க்கும். அவள் லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் 'தூக்கு', 'இறக்கு' என்று அறிந்து, இன்னொரு கணினியிலுள்ள இசை மென்பொருளுக்கு வலைவழியே செய்தி அனுப்பும். 'தூக்கு' போனால் சுருதி ஏறும்.

"போய்ச் சேந்துச்சுன்னு அது திருப்பிச் சொல்லுமா?" என்று கேட்டார் அப்பா.

"இதுல பதில் வராதுப்பா. அனுப்புனா அனுப்புனதுதான்."

"இன்னாமா இது, பேஜாரா கீதே!"

தை மாதம் துறைமுகத் தொழிலாளர் சங்கக் கூடத்தில் நிகழ்ச்சி. முன்வரிசையில் அவருடைய பழைய ஆட்கள். "மாமு, சட்டை இஸ்திரிலாம் பலமா கீது!" என்று கத்தினார் கிரேன் ஓட்டிய கஸ்பார். ஜெகதீசன் வலக்கையை உயர்த்தி, 'தூக்கு' என்று விரலால் வட்டம் போட்டார். சத்தம் வரவில்லை. அவர் கையை இறக்கவும் இல்லை. வட்டம் போட்டபடியே நின்றார்.

"கைய மாத்துங்கப்பா! இத்தன வருஷமா இதத்தானே கிழிச்சீங்க? ஒழுங்கா காட்டத் தெரியாதா?"

கார்குழலியின் கையில் மைக் இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது. கை இறங்கியது.

வீட்டுக்கு வந்த பத்தாவது நிமிடம் பிழை தெரிந்தது. இசை மென்பொருளுக்குள் செய்தி நுழையும் வாசலான போர்ட்டின் எண்ணைக் கூடத்தில் மாற்றியவள், லிஸ்ப் அனுப்பும் எண்ணை மாற்றவில்லை. செய்திகளெல்லாம் யாரும் கேட்காத எண்ணுக்குப் போயிருந்தன.

"தெரிஞ்சிதாமா? என் கைதானா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விடுங்கப்பா."

உண்மையைச் சொல்ல அதன் பிறகு ஏழு மாதம் இருந்தது. ஆவணியில் மாரடைப்பில் அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கஸ்பாரிடம்தான் முதலில் சொன்னாள். "அன்னிக்குத் தப்பு என்னோடது மாமா. அன்னிக்கே தெரியும்."

கஸ்பார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அவரு கைல தப்பு இல்லன்னு எங்க அல்லாருக்கும் தெரியும் கொயந்த. சிக்னல் குட்த்தா, பாத்துட்டேன்னு நான் கிரேன்ல ஹாரன் அடிக்கணும். அட்ச்சாதான் மாமு கைய எறக்குவாரு. ஹாரனுக்குத்தான் அப்டி நின்னுகினு இருந்தாரு. நாங்க சொன்னா கேட்டாரா? 'என் கை கெட்டுப்பூட்ச்சா கஸ்பாரு'ன்னு கடைசி வரிக்கும் கேட்டுகினே கெடந்தாரு."

அவள் எழுந்து போய்க் கணினியை எடுத்து வந்தாள்.

லிஸ்ப் நிரல் தான் அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் கோப்பில் எழுதி வைத்திருந்தது. அன்றைய கோப்பைத் திறந்தாள். தூக்கு, தூக்கு, தூக்கு. வேறு எதுவுமே இல்லை. எண்ணைத் திருத்தி, வந்திருந்தவர்கள் முன்னால் அந்தச் செய்திகளை இசை மென்பொருளுக்கு மறுபடி ஓடவிட்டாள். சுருதி ஏறியது. உச்சிக்குப் போய், இறங்காமல் அங்கேயே நின்றது. ஒரு நிமிடத்துக்கும் மேல்.

அது எங்கே அறுபடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மைக்கில் கத்திய இடம். அங்கேதான் அறுந்தது.