சேலை கட்டிய நத்தார் மரம்

எங்கள் வீட்டுக்கு ஒரு திருட்டு மரம் வந்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா பகுதியில் நான்காம் மாடியில் இரண்டு அறை வீடு. அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என்று ஏற்கெனவே நான்கு பேர் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம்.

அம்மா பகேரியாவில், சிஞ்ஞோரா என்று நாங்கள் மரியாதையாக அழைத்த ஓர் இத்தாலியப் பெண்ணின் வீட்டைத் துப்புரவாக்கப் போய்வந்தார். சிஞ்ஞோரா கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்காகத் தொட்டியோடு வாங்கி வைத்த மரம், பண்டிகை முடிந்ததும் அவருக்குச் சுமையாகிவிட்டது. உயிருள்ள மரத்தை எறிய மனமில்லை, வைத்திருக்கவும் விருப்பமில்லை. இப்படியான பொருட்கள் கடைசியில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேரும். ஒரு கை இல்லாத சாய்வு நாற்காலியும், பன்னிரண்டு மணிக்கு மட்டும் அடிக்கும் கடிகாரமும் அப்படி வந்தவைதான். அம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. இத்தாலிய மொழியில் அறவே தெரியாது.

மரத்தை எடுத்துவரச் சித்தப்பாவும் நானும் போனோம். அவர் அப்பாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். உலகத்தில் அவருக்குத் தெரியாத விடயம் ஒன்றும் இல்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எங்கடை சவுக்கின்ரை ஒண்டுவிட்ட தம்பி" என்று தீர்ப்புச் சொன்னார்.

சிஞ்ஞோரா வேறுவிதமாகச் சொன்னார். இது அபேத்தே. பைன் மரத்தின் இலைபோல இதன் இலை குத்தாது. தட்டையாக இருக்கும், திருப்பிப் பார்த்தால் அடியில் இரண்டு வெள்ளைக் கோடு தெரியும், கசக்கினால் ஆரஞ்சு நிறத் தோடம்பழத் தோல்போல மணக்கும். எல்லாவற்றையும் நான் சித்தப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். கடைசியில் சிஞ்ஞோரா, மதோனியே மலைப்பக்கம் போனபோது வாங்கியது என்றார். "மலையிலை இருந்து எடுத்ததாம்" என்று சொன்னேன். வாங்கியதற்கும் எடுத்ததற்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அந்த வயதில் நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ரயிலுக்குச் சித்தப்பா மூன்று பயணச்சீட்டு வாங்கினார். மூன்றாவது மரத்துக்கு.

"மரத்துக்கு ஆரும் ரிக்கெற் எடுப்பினமோ, சித்தப்பா?"

"கேட்டால் காட்டலாம்தானே, பிள்ளை."

பரிசோதகர் மூன்றாவது சீட்டையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதையும் முறைப்படி துளையிட்டு, நல்ல பயணம் அமையட்டும் என்று மரத்தைப் பார்த்து வாழ்த்திவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே மரம் இலையுதிர்க்கத் தொடங்கியது. "பகேரியாவிலை காசுக்குக் கூட்டினன், இஞ்சை சும்மா கூட்டுறன்" என்று அம்மா விளக்குமாற்றோடு திரிந்தார். நான் மரப்பட்டையில் இருந்த சின்னச் சின்னக் கொப்புளங்களை நகத்தால் உடைத்து விளையாடினேன். உள்ளே இருந்து பளிங்குபோலப் பிசின் வந்தது. அது என் தலைமயிரில் ஒட்டி, ஒரு பக்கப் பின்னல் தடியாகிவிட்டது. அம்மா அரைப் போத்தல் தேங்காயெண்ணெயைக் கவிழ்த்துத்தான் அதைக் கழற்றினார்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சிசிலியின் மரங்களைப் பற்றிப் படிப்பித்தார். மதோனியே மலையில் ஓர் அபேத்தே இனம் இருக்கிறதாம். உலகத்தில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லையாம். முற்காலத்தில் தேவாலயக் கூரைக்கும் வீட்டு உத்தரத்துக்கும் வெட்டி வெட்டி, இப்போது முப்பது சொச்சம் பெரிய மரங்கள்தான் மிச்சமாம். அவற்றை வேலி போட்டுக் காக்கிறார்களாம். ஓர் இலை கிள்ளினாலும் குற்றமாம். அதன் காய்கள் தொங்காமல் மெழுகுதிரிபோல நிமிர்ந்து நிற்குமாம்.

வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தேன். எங்கள் மரத்தில் ஐந்து காய்கள் நிமிர்ந்து நின்றன.

அந்த நேரம் பார்த்து வீட்டில் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போகவேண்டிய கடதாசிகளை அம்மா ஒரு நீலக் கோப்பில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். "அது கையிலை கிடைக்கிறவரைக்கும் எங்கடை பேரிலை ஒரு சின்னப் பிழையும் வரக்கூடாது" என்று எனக்குத் தினமும் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் ஒரு பெடியன் என் பென்சிலை உடைத்தபோதுகூட நான் அடிக்காமல் விட்டேன். இப்போது என்னவென்றால், உலகத்தில் முப்பதே முப்பதாக இருக்கும் மரத்தில் ஒன்று எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது.

சித்தப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வேறை ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை."

"அப்ப ஒளிப்பம்."

மரத்தைப் பல்கனிக்குத் தள்ளினோம். அம்மாவின் பழைய சேலையொன்றைச் சித்தப்பா கொசுவம் வைத்துச் சுற்றி, உச்சியில் அப்பாவின் கம்பளித் தொப்பியைப் போட்டார். தெருவிலிருந்து பார்த்தால், உயரமான ஒரு பெண் யாரையோ எதிர்பார்த்து நிற்பதுபோல இருந்தது. எதிர்வீட்டுக் கிழவி இரண்டு நாட்கள் அவளுக்குக் காலை வணக்கம் சொன்னார். பதில் வராததால் மூன்றாம் நாள் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டார். சேலையில் பிசின் அப்பியதைக் கண்ட அம்மா போட்ட சத்தம் தனிக்கதை. "வெளியாலை குளிர், அண்ணி, மரம் பாவம்" என்று சித்தப்பா சமாளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எல்லோரும் வீட்டில் இருந்த நேரம் மணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன். பச்சை நிறச் சீருடையில் ஒருவர் நின்றார். தோளில் ஒரு மரத்தின் சின்னம். கையில் ஈரமான சட்டையொன்று. "சிறுமி, உங்கள் பல்கனியில் இருக்கிற மரம்..." என்று தொடங்கினார்.

அவ்வளவுதான். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மரம் எங்களுடையது இல்லை, சிஞ்ஞோராதான் தந்தார், மலையிலிருந்து எடுத்தது என்று அவரே சொன்னார், ரயிலில் ஒளித்துக் கொண்டுவரவில்லை, மரத்துக்கும் பயணச்சீட்டு இருக்கிறது, அம்மாவையும் அப்பாவையும் பிடிக்கவேண்டாம், பெர்மெசோவைக் கொடுங்கள். மூச்சு விடாமல் இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

என் வேகத்துக்கு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சீருடை விளங்கியது, பெர்மெசோ என்ற சொல்லும் விளங்கியது. அம்மா ஓடிப்போய் நீலக் கோப்பை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினார். அப்பா கை இல்லாத நாற்காலியை இழுத்துப் போட்டார். வந்தவர் ஒரு கையில் ஈரச் சட்டையோடும் மறுகையில் எங்கள் குடும்பத்தின் முழுக் கடதாசிகளோடும் திகைத்துப்போய் உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்தார்.

அவர் கீழ்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர். காயப்போட்ட உடுப்பிலெல்லாம் எங்கள் மரத்தின் இலை விழுகிறது என்று முறைப்பாடு சொல்ல வந்திருந்தார். என் கதையைக் கேட்டபிறகு சட்டையை மறந்துவிட்டு மரத்தைப் பார்க்கவேண்டும் என்றார். பல்கனிக் கதவைத் திறந்தவர் சட்டென்று தொப்பியைக் கழற்றி, "மன்னியுங்கள் சிஞ்ஞோரா" என்றார். பிறகுதான் தான் வணங்கியது யாரை என்று தெரிந்தது.

சேலையை விலக்கி, ஓர் இலையைக் கிள்ளி மணந்து பார்த்தார். நிமிர்ந்து நின்ற காயொன்றைப் பிடித்து இழுத்தார். அது கம்பியோடு கையில் வந்தது. சிஞ்ஞோரா அலங்காரத்துக்குக் கட்டிவிட்ட பைன் காய். அபேத்தேயின் காய் மரத்திலேயே செதில் செதிலாகக் கொட்டிவிடும், முழுதாகக் கையில் கிடைக்காது என்று அவர் எனக்கு விளக்கினார். இது எந்த நாற்றுப்பண்ணையிலும் கிடைக்கிற சாதாரண மரம். மலையிலிருக்கும் அந்த முப்பது சொச்சத்தையும் காக்கிறவர்களில் தானும் ஒருவர் என்றார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அம்மா கொடுத்த தேநீரை இரண்டு முறை வாங்கிக் குடித்தார். போகும்போது, இரக்கப்பட்டு இதை மலையில் கொண்டுபோய் நட்டுவிடாதீர்கள், அங்கே இருக்கிறவற்றோடு இனம் கலந்துவிடும் என்று மட்டும் கடுமையாகச் சொன்னார்.

நாங்கள் நடவில்லை. பலெர்மோ வெயிலில் வைகாசிக்குள் மரம் காய்ந்துபோயிற்று. உச்சியில் கிளைகள் வட்டமாகப் பிரியும் இடத்தைச் சித்தப்பா அறுத்துச் சீவி, அம்மாவுக்கு ஒரு மத்துச் செய்து கொடுத்தார். அருமையாகக் கடைந்தது. முதல் மூன்று நாட்கள் பருப்பு நத்தார் மணம் மணத்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இன்னும் ஒன்று இருக்கிறது. வந்தவர் படியிறங்கிப் போனபிறகுதான், சித்தப்பாவைக் காணவில்லை என்று கவனித்தேன். குளியலறை உள்ளே பூட்டியிருந்தது.

"சித்தப்பா, வெளியாலை வாங்கோ! அது களவெடுத்த மரம் இல்லையாம்!"

பிறகு கதவு திறந்தது. விளக்குப் போடாமல் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் மேலே உட்கார்ந்திருந்திருக்கிறார். சப்பாத்து, குளிர்ச்சட்டை எல்லாம் போட்டிருந்தார். கையில் ஒரு சின்னப் பை. "அப்பாடா, தப்பினம் பிள்ளை" என்று எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கட்டிலுக்குக் கீழே பழைய இடத்திலேயே தள்ளிவிட்டார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. என் சொல்லை முழுதாக நம்பி, எனக்காக மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணக்கூட உடுத்துத் தயாராகிவிட்ட ஒரே பெரிய மனிதர் அவர் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீலக் கோப்புக்குள் அப்பா, அம்மா, நான் என்ற மூன்று பேருடைய கடதாசிகள்தான் இருந்தன என்பது எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் எடுத்தன.