மாசியில் போன அருவி

பிள்ளைகளே, உங்கள் அம்மா என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஊர் குற்றாலம். கல்யாணமான மறுவருஷம் கேட்டாள். நெரவியில் பிறந்து நெரவியிலேயே வாக்கப்பட்டவள். மேலேயிருந்து தண்ணீர் கொட்டுவதைக் கூரை இறவாணத்தில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. தலையில் அருவி விழ ஒரு தடவை நிற்க வேண்டும் என்றாள்.

அப்போது நெரவியும் சேர்ந்த காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. உங்கள் மாமா ஒரு பழைய வேனை வாங்கி, பலகைக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய், சேலைத் திரை எல்லாம் வைத்து அதை ஒரு வீடாகவே ஆக்கியிருந்தார்.

"அங்க ஆனி, ஆடியிலதான் சீசனாம் மாப்ள" என்றார்.

"அப்ப நாத்தங்காலை யாரு பாக்குறது மச்சான்? தண்ணி வத்துறதெல்லாம் நம்மள மாதிரி கடைமடைக்குத்தான். மலைன்னா தலைமடை. அங்க எப்பவும் இருக்கும்" என்றேன்.

அறுவடை முடிந்து மாசியில் கிளம்பினோம்.

எல்லையில் இந்தியச் சுங்கக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "இது வண்டியா, வீடா?"

"ஓடுனா வண்டிங்க, நின்னா வீடு" என்றார் மாமா.

"இப்ப நிக்கிதுல்ல? வீட்டுச் சாமானை இறக்குங்க."

அம்மிக்கல் வரைக்கும் இறக்கினோம். அவர் பீப்பாயைத் தட்டினார். "அருவிக்குப் போறவங்களுக்குத் தண்ணி எதுக்கு?" முழங்கை வரை விட்டுத் துழாவிய பிறகே விட்டார். வழியில் ஒரு மேட்டில் கட்டில் பலகை நழுவி, சாம்பார்ச் சட்டி என் வேட்டியில் கவிழ்ந்தது. உங்கள் அம்மா குற்றாலம் போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

அங்கே பாறைதான் இருந்தது. அதன் ஓரத்தில் மாட்டுவால் கனத்துக்கு ஒரு ஒழுக்கு. எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் ஒருவர் எங்கள் பீப்பாயைப் பார்த்துவிட்டு, "எங்க அருவிக்கு ஊத்தவா கொண்டாந்திருக்கீய? ஆனியில வாங்கய்யா. இப்ப கொரங்குகூட குளிக்க வராது" என்றார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

உங்கள் அம்மா போய் அந்த ஒழுக்கின் கீழே தலையைக் கொடுத்து நின்றாள். "நல்லாத்தாங்க நனையுது" என்றாள்.

எனக்கு அவர்கள் முன்னால் அவமானமாக இருந்தது. தப்புக்கணக்குப் போட்டவன் நான். ஆனால் அவளைப் பார்த்து, "எல்லாம் உன்னாலதான். நீ கேக்கலேன்னா இந்தக் கூத்து உண்டா?" என்று கத்தினேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது சேலைத் திரை அறுந்து மாமாவின் தலையை மூடியது. அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

மறு ஆனியில், "குத்தாலம் போவோமா?" என்றேன். "வேண்டாங்க" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வயல் வேலை கெடாது என்று நிம்மதியாகக்கூட இருந்தது. அதன் பிறகு அவள் எந்த ஊரையும் கேட்டதில்லை.

பாறையடியில் நான் சொன்ன வார்த்தையை அவள் இதுவரை உங்களிடம்கூடச் சொன்னதில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.